பவானி வளர்த்த கல்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, கடலூரில் நான் வேலை பார்க்கும் கோச்சிங் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கண்ணாயிரம் போன் செய்தார். அவரை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிற ஆள் அவர் இல்லை. வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, கல்லு கரையுது" என்றார்.

எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. அவர் மகள் பவானி சிதம்பரத்தில் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் வளர்த்த படிகம் அது. பவானி இப்போது இல்லை. அவள் கையால் ஆனது என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மிச்சப் பாடத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். முழுசாகக் கரைவதற்குள் போய்ச் சேர்ந்தால் அதைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது.

அந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் பவானியைச் சொல்ல வேண்டும், எங்கள் ஆய்வகத்தையும் சொல்ல வேண்டும்.

பவானிக்கு ஊர் காட்டுமன்னார்கோயில். அப்பா அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர். அம்மா இருசம்மாள் அதே ஆலையின் களத்தில் நெல் துழாவுகிறவர். பவானி காலேஜில் கேட்டது கணக்கு. இடம் இல்லை என்று இயற்பியலில் தள்ளிவிட்டார்கள். ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் இல்லை, சேர்ந்த பிறகு ஆசைப்பட்டவள். எம்.எஸ்சி. வரைக்கும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். அவர்கள் தெருவில் பி.எச்டி.க்குச் சேர்ந்த முதல் ஆள் அவள்தான். அது என்ன படிப்பு என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. டாக்டருக்குப் படிக்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஒரு கிழவர் கால்வீக்கத்தைக் காட்ட வந்ததாகச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் துறைக்கு ஒரு காலம் இருந்தது என்று மூத்த பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருட்டறையில் உட்கார்ந்து ஒளியைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் கோடுகளாகப் படம் பிடித்த காலம். அதற்குப் பிறகு திரவங்களுக்குள் ஒலியை அனுப்பி வேகம் அளந்த காலம். அப்போது இங்கே கிடைக்கிற எண்ணெய் எதையும் விட்டுவைக்கவில்லையாம். நாங்கள் வந்து சேர்ந்தது படிகக் காலத்தில். ஏன் படிகம் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கருவி வாங்க வக்கில்லாத இடத்தில் செய்யக்கூடிய ஆராய்ச்சி அது. பீக்கர் இருந்தால் போதும், தண்ணீரும் உப்பும் இருந்தால் போதும். பொறுமை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். அது எங்களிடம் நிறைய இருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் வந்த எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

வெளியூர்க் கருத்தரங்குகளில் எங்களை உப்புக் காய்ச்சுகிறவர்கள் என்று கேலி செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பவானி மட்டும், "காய்ச்சறது இல்லண்ணா, ஊற வெக்கிறோம்னு சொல்லுங்க" என்பாள். நான் செந்தமிழ்செல்வன், அவளுக்கு நாலு வருஷம் சீனியர். அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

வேலை இதுதான். தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இனி ஒரு துளிகூடக் கரையாது என்று தண்ணீர் நின்றுவிடும். அந்தத் தண்ணீரில் கடுகளவு படிகம் ஒன்றை விதையாகத் தொங்கவிட்டு, பீக்கரின் வாயைக் காகிதத்தால் கட்டி, காகிதத்தில் ஊசியால் துளை போட வேண்டும். தண்ணீர் மெல்ல ஆவியாகும். கரைய இடமில்லாத உப்பு விதைமேல் போய் அடுக்கடுக்காக உட்காரும். தொடக்கூடாது, ஆட்டக்கூடாது, பக்கத்தில் கதவைக்கூட அடித்துச் சாத்தக்கூடாது. நன்றாக வளர்ந்தால் கண்ணாடிபோல ஒரு கல். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் பச்சை ஒளியாக வரும். அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தோம்.

விதையை யாரும் புதிதாகச் செய்வதில்லை. மூத்தவர் தன் படிகத்திலிருந்து ஒரு சில்லை உடைத்துப் புதிதாக வருகிறவருக்குக் கொடுப்பார். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரிதான். எனக்கு ராஜவேல் அண்ணன் கொடுத்தார், அவருக்கு அவர் சீனியர். அப்படிப் பின்னால் போனால், துறையில் முதன்முதலில் படிகம் வளர்த்த பேராசிரியரின் பீக்கரில் போய் நிற்கும் என்று எங்கள் கைடு மணவாளன் சார் சொல்வார். சுத்த வேதியியலில் பார்த்தால் இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, எந்த விதையில் வளர்ந்தாலும் உப்பு உப்புதான். ஆனாலும் வெளியிலிருந்து விதை வாங்க எங்களில் ஒருவருக்கும் மனசு வந்ததில்லை. என் சில்லைப் பவானி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. நூலில் விதையைக் கட்டினால் நூல் நெடுகப் பொடிக்கற்கள் ஒட்டிக்கொண்டு காரியத்தைக் கெடுக்கும். அதனால் தலைமுடியில் கட்டுவோம். பவானிக்கு இடுப்பைத் தாண்டி வருகிற முடி. அவள் வந்த பிறகு ஆய்வகத்தில் எல்லோர் விதையும் அவள் முடியில்தான் தொங்கியது. "எனக்குத் தலையில சொட்ட விழுந்தா நீங்கதாண்ணா பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கித் தருவாள். விதையைச் சுற்றி அவள் போடுகிற முடிச்சு எங்களுக்கு யாருக்கும் வந்ததில்லை. கதிரைக் கட்டுகிற கட்டு அது, அம்மா சொல்லிக்கொடுத்தது என்பாள்.

ஒருமுறை கண்ணாயிரம் அப்பா அவளைப் பார்க்க ஆய்வகத்துக்கு வந்தார். உப்பு டப்பாவில் ஒட்டியிருந்த பெயரை மகள் படித்துச் சொல்ல, அவர் முகம் மாறிவிட்டது.

"தாயி, இது வயலுக்கு அடிக்கிற உரம் இல்ல?"

"ஆமாம்பா. உரக்கடையிலயே கெடைக்கும்."

"அதுக்கா இத்தினி வருசமா படிக்கிற?"

அன்றைக்கு ஆய்வகமே சிரித்தது. மணவாளன் சாரும் சிரித்தார். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. போகும்போது ஒரு படிகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உரம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று சொல்லிவிட்டுப் போனார்.

2021 கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, பவானி மட்டும் ஆய்வகத்துக்குப் போய்ப் புதுக் கரைசல் தயார் செய்து, விதையைக் கட்டித் தொங்கவிட்டு, மூலை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன், யாரும் தொடாதீர்கள் என்றாள். தொட யார் இருந்தார்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஊருக்குப் போன சில நாளில் காய்ச்சல். பிறகு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளை அப்பா அம்மா அதன் பிறகு முகம் பார்க்கவில்லை. அந்த நாட்களில் யாரைத்தான் பார்க்கவிட்டார்கள்? உடம்பு வீட்டுக்கு வரும் என்று யாரோ தப்பாகச் சொல்லிவிட, இருசம்மாள் அம்மா வாசலில் அண்டாவில் வெந்நீர் போட்டு, மஞ்சள் அரைத்து, சீயக்காய் கரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பெற்ற பிள்ளையைக் கடைசியாகக் குளிப்பாட்டி அனுப்பவாவது வேண்டும் இல்லையா? உடம்பு வரவே இல்லை. உறையில் சுற்றி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா மட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். அம்மா அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவர், அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

மாதங்கள் கழித்து ஆய்வகத்தைத் திறந்தார்கள். மணவாளன் சாரும் நானும்தான் போனோம். எங்கும் தூசி, பல்லி எச்சம். என் பீக்கர்கள் எல்லாம் வறண்டு கிடந்தன. மூலை மேசையில் பவானியின் பீக்கரில் மட்டும் பாதித் தண்ணீர் இருந்தது. அதற்குள் கட்டைவிரலைவிடப் பெரிதாக ஒரு படிகம், இரண்டு முனையும் கூர்ந்து, தண்ணீரில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தெளிவோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகும் அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று வந்ததில்லை.

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "காலமெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன், தொடாதீங்க ஆட்டாதீங்கன்னு. இப்பத்தான்யா யாரும் தொடல" என்றார். நான் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதேன்.

சோதனைக்கு வேண்டுமானால் அதை அறுத்துத் தேய்க்க வேண்டும். பச்சை ஒளி வருமா என்று பார்த்துவிடலாம், பவானி பெயரில் ஒரு கட்டுரையும் போடலாம். சார் வேண்டாம் என்றுவிட்டார். அறுக்காமல் அப்படியே அவள் வீட்டில் கொடுத்துவிடு என்றார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடியை மட்டும் ஒட்ட நறுக்கி, கல்லை மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

"தண்ணி மட்டும் படக்கூடாதுப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் துண்டில் சுற்றி வாங்கி, பவானி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா திரும்பிப் பார்த்தார்.

அதோடு என் ஆராய்ச்சிக் காலமும் முடிந்தது. பட்டம் வாங்கினேன். வேலை கொடுத்த இன்ஜினியரிங் காலேஜ் மூடிக்கொண்டது. இப்போது கோச்சிங் சென்டரில் நான்கு விடையில் எது சரி என்று குறிக்கக் கற்றுத்தருகிறேன். மணவாளன் சார் ஓய்வு பெற்றார். படிகம் வளர்க்கப் புதிதாக யாரும் சேரவில்லை. அறையை வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டபோது, பழைய பீக்கர்களையும் குப்பிகளையும் கொட்டிக் கழுவிவிட்டார்களாம். செய்தவர்களுக்கு அது வெறும் உப்புத் தண்ணீர். முதல் பேராசிரியரிலிருந்து கைமாறி வந்த விதை இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. காட்டுமன்னார்கோயிலில், பவானி படத்துக்குப் பக்கத்தில், அந்தக் கல்லுக்குள்.

பஸ்ஸில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாயிரம் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே குடையோடு வந்திருந்தார். நடந்துகொண்டே சொன்னார்.

"மழ வந்ததும் கல்லு மேல வெள்ளையா பூத்துக்கிச்சு தம்பி. புள்ள மொகம் வாடிப்போச்சுன்னு பவானி அம்மா ஈரத்துணியால தொடச்சா. பளிச்சுனு ஆயிடிச்சு. அன்னைலேர்ந்து தெனம் குளிப்பாட்டுறா. வெந்நி போட்டு, ஒரு சொம்பு."

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேனேப்பா?"

"சொன்னேன் தம்பி. தண்ணியிலயே மாசக்கணக்கா கெடந்து வளந்தது தண்ணியில கரையுமான்னு கேக்குறா. நான் என்னா பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா கேட்டதில் என்ன தப்பு? முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்கே இது உடனே பிடிபடாது. இனிக் கரைக்க இடமில்லாத தண்ணீர் அது, அதனால் கல்லை வளர்த்தது. இது வெறும் தண்ணீர், பார்த்ததை எல்லாம் கரைத்துக்கொள்ளும்.

அப்பா நின்றார். "பிடுங்கி ஒளிச்சி வெச்சிருப்பேன் தம்பி. ஆனா கல்லத் தொட்ட பொறவுதான் அவ வாயத் தெறந்து பேசுறா. 'கண்ண மூடிக்க தாயி, சீயக்கா பட்டுடும்'னு சொல்றா. எத்தினி வருசம் ஆச்சு அவ கொரலக் கேட்டு. நான் எப்பிடித் தடுப்பேன்?"

வழி இருக்கிறது என்றேன். மீந்திருக்கிற கல்லை விதையாக வைத்து மறுபடி வளர்க்கலாம். உப்பு வாங்கிவிடலாம், என் வீட்டிலேயே ஒரு மூலையில் வைக்கலாம். தை மாதத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். கல் அவர்களிடம் திரும்பும், விதையும் சாகாது. கேட்டதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ குடுக்கணுமே" என்றார்.

வீட்டில் அம்மா தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சொம்பில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கல் அவர் உள்ளங்கையில் இருந்தது. கூர்முனைகள் போய், பாதிச் சப்பிய கற்கண்டு அளவுக்கு உருண்டுவிட்டது.

"வா தம்பி" என்றார். பவானி போன பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் கீழே உட்கார்ந்து, முடிந்த வரை பொறுமையாகச் சொன்னேன். கல் கரைந்துகொண்டிருக்கிறது, ஆனால் என்னிடம் கொடுத்தால் திரும்ப வளர்த்துத் தருவேன் என்று. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எங்க எடுத்துட்டுப் போவ?"

"கடலூருக்கும்மா. எங்க வீட்டுக்கு."

"அப்பிடித்தான் தம்பி சிதம்பரத்துக்கு அனுப்பி வெச்சேன். பெருசா வருவாள்னு" என்றார். குரலில் கோபமே இல்லை. கல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அம்மா கல்லை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். "எல்லா அழுக்கும் போயிட்டுது. நடுவுல கறுப்பா ஒரு கீறு இருக்குது பாரு, அது மட்டும் போவ மாட்டேங்குது. அதுக்குத்தான் ஜாஸ்தி தேய்க்கிறேன்."

அதை அழுக்கு என்று நினைத்துத்தான் இத்தனையும் தேய்த்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார், கல்லைப் பத்திரமாக என்னிடம் கொடுத்துவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

"அது அழுக்கு இல்லம்மா. பவானி தலமுடி" என்றேன். "அவ தன் முடியிலதான் விதையக் கட்டுவா. சுத்திக் கல்லு வளந்திருக்கு. உள்ள இருக்கறது அவ முடிதான். அதனாலதான் சொல்றேன், தேய்க்காதீங்க."

அம்மா என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "எம்பொண்ணு முடியா?" என்று கேட்டார். "நெசமாவா? இதுக்குள்ளயா?"

"ஆமாம்மா."

"இத்தினி நாளு உள்ள வெச்சிருந்துட்டு யாரும் சொல்லலியே."

சொம்பை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டினேன். கண்ணாயிரம் அப்பா என் தோளைப் பிடித்தார். பலமாகக்கூடப் பிடிக்கவில்லை. "வுடு தம்பி" என்றார். விட்டுவிட்டேன்.

அம்மா வெந்நீரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார். உள்ளங்கைக்குள் கல்லை உருட்டி உருட்டி ஊற்றினார். எங்கள் துறையில் எத்தனையோ பேர் கதவை மெல்லச் சாத்தி, மூச்சை அடக்கி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் காப்பாற்றி வந்தது தாம்பாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை ஒளியை அது ஒரு தடவையாவது காட்டியிருக்குமா என்று இனி யாருக்கும் தெரியாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்காகவா, பவானிக்காகவா, அந்த அம்மாவுக்காகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "கண்ண மூடிக்க தாயி. ஆச்சு, ஆச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சொம்பு காலியானபோது கல் இல்லை. அம்மாவின் ஈர உள்ளங்கையில் விரல்நகத்தின் நீளத்துக்கு ஒரு முடி சுருண்டு கிடந்தது. நடுவில் ஒரு முடிச்சு.

முடிச்சைத் தடவிப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. வாய் கோணியது. அத்தனை வருஷம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணாயிரம் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனைவியின் முதுகில் கைவைத்துக்கொண்டு அவரும் அழுதார்.

வெகுநேரம் கழித்து அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, எண்ணெய்ப் புட்டியை எடுக்கச் சொன்னார். அப்பா எடுத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு விரலில் தொட்டு, முடிச்சு அவிழாமல், அந்த ஒற்றை முடியை நுனிவரை நீவினார்.

"எண்ணெயே வெக்கல பாரு புள்ள" என்றார். "எப்பிடிக் காஞ்சி கெடக்குது."